பி.எஸ்ஸி. பட்டம் கைக்கு வர எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்? (140 கிரெடிட், பார்ட் 4, பார்ட் 5, அரியர்)

திருவள்ளூர்_அக்கா:

எல்லோருக்கும் வணக்கம். என் தம்பி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஓர் அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் படிக்கிறான். 2023இல் சேர்ந்தவன், இப்போது ஆறாவது செமஸ்டர். இதுவரை எழுதிய மேஜர் தாள்கள் எல்லாம் முதல் முறையிலேயே பாஸ். நாலாவது செமஸ்டர் சுற்றுச்சூழல் கல்வித் தாளில் மட்டும் ‘யூ’ (ஃபெயில்) விழுந்திருக்கிறது. இண்டர்னலில் 21, எக்ஸ்டர்னலில் 27, மொத்தம் 48. நாற்பது எடுத்தால் பாஸ் என்கிறார்கள், 48 எடுத்தும் எப்படி ஃபெயில்?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. “அது பார்ட் 4 தாள்தான், மேஜர் இல்லை, டிகிரிக்கு அதைப் பார்க்க மாட்டார்கள்” என்று அவன் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். அவனும் அதை நம்பி ஐந்தாவது செமஸ்டரில் அந்தத் தாளை மறுபடி எழுதவில்லை. நான் நர்சிங் டிப்ளமோ படித்தவள், செமஸ்டர், கிரெடிட் எல்லாம் எனக்குப் புதிது. எங்கள் வீட்டில் டிகிரிக்குப் போன முதல் ஆள் அவன்தான். எம்.எஸ்ஸி. சேர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறான். பட்டம் வாங்க உண்மையில் எதெல்லாம் முடிந்திருக்க வேண்டும்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.


ஓய்வுபெற்ற_வேதியியல்:

அம்மா, முதல் கேள்விக்கு முதலில் வருகிறேன். பி.எஸ்ஸி. எழுத்துத் தாள் ஒவ்வொன்றுக்கும் இண்டர்னல் (கல்லூரிக்குள் போடுவது) 25, எக்ஸ்டர்னல் (பல்கலைக்கழகத் தேர்வு) 75. பாஸாக இரண்டு நிபந்தனை. மொத்தத்தில் 40 வேண்டும், அது போக எக்ஸ்டர்னலில் மட்டும் தனியாக 30 வேண்டும். தம்பிக்கு எக்ஸ்டர்னலில் மூன்று மதிப்பெண் குறைகிறது, அதனால் இண்டர்னலில் எவ்வளவு இருந்தும் பயனில்லை. இதே தாளில் இண்டர்னல் 10, எக்ஸ்டர்னல் 30 எடுத்த பையன் பாஸாகியிருப்பான். பார்க்க அநியாயமாகத் தெரியும். இண்டர்னல் கல்லூரியே போடுவது, அதை மட்டும் வைத்துக் கரையேற விடக்கூடாது என்பதற்காகத்தான் இந்த விதி. சில பல்கலைக்கழகங்களில் இண்டர்னலிலும் 25க்கு 10 என்று தனிக் குறைந்தபட்சம் உண்டு.

இரண்டாவது கேள்விதான் முக்கியம். பார்ட் 4 டிகிரிக்குக் கணக்கில் வராது என்று சொன்னவர் தவறாகச் சொல்லியிருக்கிறார். வரும். முழுதாக வரும்.

தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்தின் மாதிரிப் பாடத்திட்டப்படி மூன்றாண்டு இளநிலைப் பட்டத்துக்கு 140 கிரெடிட் வேண்டும். கிரெடிட் என்பது ஒவ்வொரு தாளுக்கும் உள்ள எடை, தாளில் பாஸானால்தான் கணக்கில் ஏறும். பார்ட் 1 தமிழ் (அல்லது வேறு மொழி), நான்கு செமஸ்டர், செமஸ்டருக்கு 3 வீதம் 12. பார்ட் 2 ஆங்கிலம், அதுவும் அதேபோல 12. பார்ட் 3இல்தான் மேஜரும் (முதன்மைப் பாடம்) எலெக்டிவும் (துணைப் பாடம்) செய்முறையும் இருக்கின்றன, அதற்கு 92. பார்ட் 4இல் திறன் மேம்பாட்டுத் தாள்கள், அடிப்படைப் பாடம், சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, கோடை விடுமுறை இண்டர்ன்ஷிப் எல்லாம் சேர்த்து 23. பார்ட் 5 விரிவாக்கப் பணி, 1 கிரெடிட். செமஸ்டர் வாரியாகப் பார்த்தால் 23, 23, 22, 25, 26, 21. கூட்டினால் 140.

சுற்றுச்சூழல் கல்விக்கு 2 கிரெடிட். அது முடியாவிட்டால் அவன் கையில் 138தான் இருக்கும். 138க்குப் பட்டம் கிடையாது. மேஜரில் 90 சதவீதம் எடுத்திருந்தாலும் கிடையாது.

கல்லூரிக்குக் கல்லூரி சிறு மாற்றங்கள் இருக்கலாம், தன்னாட்சிக் கல்லூரி (தேர்வைத் தானே நடத்துவது) என்றால் இன்னும் கூடுதலாக. அதனால் தம்பி சேர்ந்த வருடத்து ரெகுலேஷனைத் (படிப்பு, தேர்வு விதிகளின் தொகுப்பு) துறையில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு மாணவனுக்குப் பொருந்துவது அவன் சேர்ந்த வருடத்து விதிதான். சீனியர் சொல்வது சீனியரின் விதி. அவன் வகுப்பில் இந்தத் தவறான தகவல் பரவியதும் அநேகமாக அப்படித்தான் இருக்கும்.


தேர்வுப்பிரிவில்_இருந்தவன்:

சார் சொன்னது சரி. நான் ஒரு கல்லூரியின் தேர்வுப் பிரிவில் பல வருடம் இருந்தவன், நடைமுறையை மட்டும் சேர்க்கிறேன்.

அக்கா, தேர்வுக் கட்டணம் கட்டும்போது ஆறாவது செமஸ்டர் தாள்களோடு இந்த அரியரையும் (பாஸாகாமல் நிற்கும் தாள்) சேர்த்துக் கட்டச் சொல்லுங்கள். இரட்டைப்படை செமஸ்டர் தாளாக இருந்தாலும் ஒற்றைப்படைத் தாளாக இருந்தாலும் ஏப்ரல், நவம்பர் இரண்டு தேர்விலும் அரியர் எழுதலாம். ஹால் டிக்கெட் வந்ததும் அந்தத் தாளின் குறியீடு அதில் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். ரெகுலர் தாள்கள் எல்லாம் சரியாக இருந்து அரியர் தாள் மட்டும் விடுபட்டுப்போகும் ஹால் டிக்கெட்டுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதல் நாளே சொன்னால் திருத்திவிடலாம், தேர்வு நாள் காலையில் வந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

ஏப்ரலில் ஏதோ காரணத்தால் அது மட்டும் போய்விட்டது என்று வையுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இன்ஸ்டன்ட் தேர்வு என்று ஒன்று உண்டு. கடைசி செமஸ்டர் ரிசல்ட் வந்தபின், ஒரே ஒரு தாள் மட்டும் நிற்கும் இறுதியாண்டு மாணவர்களுக்கு நடத்துவது. அதில் பாஸானால் அந்த வருடமே எம்.எஸ்ஸி. போகலாம், நவம்பர் வரை உட்கார வேண்டாம். ஆனால் இரண்டு தாள் நின்றால் அந்த வாய்ப்பு இல்லை. அதனால்தான் சின்னத் தாளைக் கடைசி வரை வைத்திருக்கக் கூடாது. ஆறாவது செமஸ்டரில் ஏதாவது ஒரு மேஜர் தாள் தவறிவிட்டால் அதோடு இதுவும் சேர்ந்து இரண்டாகிவிடும்.


திருவள்ளூர்_அக்கா:

ரொம்ப நன்றி சார், நன்றி அண்ணா. கட்டணம் கட்டக் கடைசித் தேதி இன்னும் வரவில்லையாம், சேர்த்துக் கட்டச் சொல்லிவிட்டேன். இந்த ஒரு அரியரால் அவனுக்கு டிஸ்டிங்ஷன் போய்விடுமா? இதுவரை மேஜரில் 78 சதவீதம் வைத்திருக்கிறான்.


கணித_டீச்சர்:

நான் ஓர் உதவிபெறும் கல்லூரியில் கணிதம் நடத்துகிறேன். டிஸ்டிங்ஷன் பற்றி நான் சொல்கிறேன், இதில் பிள்ளைகள் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள்.

சென்னைப் பல்கலைக்கழக விதியில் வகுப்பு என்பது பார்ட் வாரியாகத் தனித்தனி. பார்ட் 1க்கு ஒரு வகுப்பு, பார்ட் 2க்கு ஒன்று, பார்ட் 3க்கு ஒன்று. பொதுவாக “ஃபர்ஸ்ட் கிளாஸா?” என்று கேட்பது பார்ட் 3ஐத்தான். சிஜிபிஏ (பத்துக்குக் கணக்கிடும் சராசரி) 7.5க்கு மேல் டிஸ்டிங்ஷனோடு முதல் வகுப்பு, 6க்கு மேல் முதல் வகுப்பு, 5க்கு மேல் இரண்டாம் வகுப்பு, 4க்கு மேல் மூன்றாம் வகுப்பு. டிஸ்டிங்ஷனுக்கு முதல் முறையிலேயே பாஸாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை மேஜர், அல்லைடு (துணைப் பாடம்), எலெக்டிவ் தாள்களுக்கு மட்டும்தான். சுற்றுச்சூழல் கல்வி அதில் சேராது. ஆகவே தம்பியின் டிஸ்டிங்ஷன் இன்னும் பத்திரமாக இருக்கிறது. ஆறாவது செமஸ்டரில் எல்லாப் பார்ட் 3 தாளையும் ஒரே முறையில் முடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று. சிஜிபிஏ என்பது மதிப்பெண்களின் வெறும் சராசரி இல்லை. ஒவ்வொரு தாளின் மதிப்பெண்ணையும் பத்தால் வகுத்து, அதன் கிரெடிட்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்தக் கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 5 கிரெடிட் தாளில் 80, 3 கிரெடிட் தாளில் 50 என்றால் வெறும் சராசரி 65. கிரெடிட் கணக்கில் 40ம் 15ம் சேர்ந்து 55, அதை 8ஆல் வகுத்தால் 6.875. அதனால் ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர் ரொம்ப முக்கியம். பார்ட் 3இன் 92 கிரெடிட்டில் 22 ஐந்தாவதிலும் 18 ஆறாவதிலும் இருக்கின்றன. முதல் இரண்டு வருடம் சுமாராகப் போனவர்கள்கூட மூன்றாம் வருடத்தில் நன்றாக மேலே வரலாம். நேர் எதிராகவும் நடக்கிறது, நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளைகள் மூன்றாம் வருடம் பரபரப்பில் கோட்டைவிடுகிறார்கள்.


ராணிப்பேட்டைப்_பையன்:

எனக்கு ஒரு விஷயம் புரியவில்லை. நான் பி.எஸ்ஸி. வேதியியல் இரண்டாம் வருடம். வேதியியல் படிக்கத்தான் வந்தேன். வாரத்துக்கு 30 மணி நேரத்தில் தமிழ் 6, ஆங்கிலம் 6 போய்விடுகிறது. அப்புறம் திறன் மேம்பாடு, சுற்றுச்சூழல், ‘நான் முதல்வன்’ (தமிழக அரசின் திறன் பயிற்சித் திட்டம்). ஆய்வகத்தில் நிற்கும் நேரம் குறைவுதான். ஐஐடி எம்.எஸ்ஸி.க்கான ஜாம் தேர்வுக்குப் படிக்கலாம் என்று பார்த்தால் பிசிக்கல் கெமிஸ்ட்ரியில் பாதிப் பகுதி எங்கள் பாடத்திட்டத்தில் இன்னும் வரவே இல்லை. 140இல் 48 கிரெடிட் துறைக்கு வெளியே இருக்கிறதே, அதை ஏன் யாரும் கேட்பதில்லை?


ஓய்வுபெற்ற_வேதியியல்:

தம்பி, கேள்வி நியாயமானது. நானே பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்து இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். ஆனால் அந்த 48ஐ ஒரே மூட்டையாகக் கட்டாதே, ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்.

சுற்றுச்சூழல் கல்வியை ஏதோ ஒரு குழு பொழுதுபோகாமல் நுழைத்துவிடவில்லை. சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்றது. அதன் தொடர்ச்சியாகப் பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளநிலைப் படிப்புகளுக்கும் ஒரு பொதுப் பாடத்திட்டத்தைக் கொண்டுவந்தது. நம் ஊரில் பாலாற்றங்கரைத் தோல் தொழிற்சாலைக் கழிவு என்ன செய்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, நீ ராணிப்பேட்டைக்காரன். குரோமியம் மூன்று இணைதிறனில் இருந்தால் ஒரு மாதிரி, ஆறு இணைதிறனில் இருந்தால் வேறு மாதிரி என்பதை வேதியியல் மாணவன் அந்தத் தாளில்தான் ஊரோடு பொருத்திப் பார்க்க முடியும். கேள்வித்தாளை மனப்பாடத்துக்கு மட்டும் எடுப்பது எங்கள் பக்கத்துக் குறை. பாடத்தின் மேல் குறை இல்லை.

மொழிப் பாடத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பத்தியைத் தப்பில்லாமல் எழுதத் தெரியாத ஆராய்ச்சி மாணவர்களோடு நான் போராடியிருக்கிறேன். அங்கே வேதியியல் அறிவுக்குக் குறைச்சல் இருந்ததில்லை, எழுத்துதான் வரவில்லை.

திறன் மேம்பாட்டுத் தாள்களைப் பற்றி உன்னோடு பாதி ஒத்துப்போகிறேன். அதை யார் நடத்துகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். நல்ல ஆசிரியர் கிடைத்தால் தரவுப் பகுப்பாய்வோ உணவுக் கலப்படச் சோதனையோ உருப்படியாகக் கற்றுத் தருவார். ஆளே இல்லாமல் கௌரவ விரிவுரையாளர் ஒருவர் மூன்று துறைக்கு ஓடிக்கொண்டிருந்தால் அந்த மணி நேரம் வீண்தான். ஆய்வகம் போதவில்லை என்ற உன் குறைக்கும் பெரும்பாலும் காரணம் அதுதான். காலிப் பணியிடங்களை நிரப்பாமல் பாடத்திட்டத்தை எப்படி மாற்றி எழுதினாலும் ஆய்வகம் திறந்திருக்காது.


மகளிர்_கல்லூரி_2021:

பார்ட் 5 பற்றி யாரும் அதிகம் சொல்லவில்லை. ஒரே ஒரு கிரெடிட், தேர்வும் கிடையாது. நாட்டு நலப்பணித் திட்டம் (என்எஸ்எஸ்), தேசிய மாணவர் படை, விளையாட்டு, இளைஞர் செஞ்சிலுவை, இப்படி ஏதாவது ஒன்றில் இருந்திருக்க வேண்டும். கல்லூரி “முடித்தார்” என்று அனுப்பினால் போதும்.

நான் படித்த கல்லூரியில் (பெயர் வேண்டாம்) எங்கள் என்எஸ்எஸ் அலகின் பட்டியல் பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை. மூன்று வருடமும் முகாமுக்குப் போனவர்கள் நாங்கள். எல்லாத் தாளும் பாஸ், ஆனால் எங்களில் பலருக்கு ரிசல்ட் முழுமையாகாமல் நின்றது. பொறுப்பு ஆசிரியர் மாறுதலாகிப் போயிருந்தார், பதிவேடு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. முகாம் சான்றிதழைக் கையில் வைத்திருந்தவர்கள் காட்டிச் சரிசெய்துகொண்டார்கள். வைத்திருக்காதவர்கள் அந்த வருடம் பி.எட். சேர முடியாமல் தவித்ததை நேரில் பார்த்தேன். என் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவளும் அதில் ஒருத்தி. இன்றைக்கும் எனக்குக் கோபம் தீரவில்லை.

அதனால் இப்போது படிப்பவர்களுக்குச் சொல்கிறேன். முகாம் சான்றிதழ், இண்டர்ன்ஷிப் போன இடத்தின் கடிதம், நான் முதல்வன் தளத்தில் முடித்ததற்கான சான்று, எல்லாவற்றுக்கும் ஒரு நகல் வீட்டில் இருக்கட்டும். மதிப்பெண் பட்டியலை மட்டும் பத்திரப்படுத்தினால் போதாது.


குரூப்2_தயாரிப்பு:

அரசு வேலைக்குப் போக நினைக்கும் பி.எஸ்ஸி.க்காரர்களுக்கு இரண்டு விஷயம். டிஎன்பிஎஸ்சி குரூப் 1, குரூப் 2இல் பெரும்பாலான பதவிகளுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும், துறை முக்கியமில்லை. ஆனால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, அப்புறம் மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டம் வாங்கியவர்களை ஏற்பதில்லை, 2009ஆம் ஆண்டு அரசாணை 107 அதைத்தான் சொல்கிறது.

இரண்டாவது, தமிழ் வழி. தமிழ் வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீத முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 2020இல் திருத்தி, பட்டப்படிப்பு மட்டும் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும் என்றார்கள். நிறைய அரசுக் கல்லூரிகளில் பி.எஸ்ஸி. கணிதம், இயற்பியல், வேதியியல் தமிழ் வழிப் பிரிவு இருக்கிறது. ஆங்கில வழிப் பிரிவில் சேர்ந்துவிட்டுத் தேர்வை மட்டும் தமிழில் எழுதினால் இந்த முன்னுரிமை வராது. சேரும்போதே முடிவு செய்ய வேண்டிய விஷயம் இது, மூன்றாம் வருடத்தில் விழித்துப் பிரயோஜனமில்லை. சான்றிதழைக் கல்லூரியை விட்டு வெளியே வரும்போதே குறிப்பிட்ட படிவத்தில் வாங்கிவிடுங்கள்.


ராணிப்பேட்டைப்_பையன்:

சார், பாலாறு பற்றிச் சொன்னது மனதில் பட்டது. எங்கள் தெருவில் போர்வெல் தண்ணீரை யாரும் குடிப்பதில்லை. ஆனாலும் மேஜருக்கு நேரம் போதவில்லை என்று நான் கேட்ட இன்னொரு பாதிக்குப் பதில் வரவில்லை. மூன்று வருடத்தில் இவ்வளவையும் அடைப்பதற்குப் பதில் நான்கு வருடமாக்கினால் மேஜருக்கு இடம் கிடைக்காதா? வேறு மாநிலங்களில் ஆனர்ஸ் என்று நான்கு வருடம் வந்துவிட்டதே?


டெல்லியில்_இயற்பியல்:

நான் டெல்லிப் பல்கலைக்கழகத்தில் பி.எஸ்ஸி. ஆனர்ஸ் இயற்பியல் படிக்கும் மதுரைப் பெண். நான்கு வருடத் திட்டத்துக்குள் இருந்தே சொல்கிறேன்.

இங்கே 2013இல் ஒரு முறை நான்கு வருடம் கொண்டுவந்து 2014இலேயே கைவிட்டார்கள். 2022இல் தேசியக் கல்விக் கொள்கையின்படி மறுபடி வந்தது. செமஸ்டருக்கு 22 கிரெடிட். ஒரு வருடம் முடித்து 44 கிரெடிட்டோடு வெளியே போனால் சான்றிதழ், இரண்டு வருடத்துக்கு 88, டிப்ளமோ. மூன்று வருடத்துக்கு 132, அதற்கே ஆனர்ஸ் பட்டம் உண்டு. நான்கு வருடத்துக்கு 176. பல்கலைக்கழக மானியக் குழுவின் பொதுச் சட்டகத்தில் குறைந்தபட்சம் மூன்று வருடத்துக்கு 120, நான்குக்கு 160.

நான்கு வருடமானால் மேஜர் கூடும் என்று நினைக்காதே தம்பி. முதல் மூன்று வருடத்தில் இங்கேயும் பொதுப் பாடங்கள் நிறையத்தான் இருக்கின்றன: மதிப்புக் கூட்டுப் பாடம், திறன் பாடம், மொழி, வேறு துறைப் பாடம். ஒரு செமஸ்டரில் மேஜர் மூன்று தாள், தலா 4 கிரெடிட். பழைய மூன்றாண்டு ஆனர்ஸில் மேஜர் இதைவிட அடர்த்தியாக இருந்தது என்று இங்குள்ள பேராசிரியர்களே வருத்தப்படுகிறார்கள். நான்காவது வருடத்தில்தான் ஆய்வேடு எழுதலாம். அது நல்ல விஷயம், ஒப்புக்கொள்கிறேன். நான்காண்டில் 75 சதவீதம் எடுத்தால் எம்.எஸ்ஸி. இல்லாமலே பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாம் என்று 2022 விதிமுறை சொல்கிறது.

ஆனால் அந்த நான்காவது வருடத்துக்கு விடுதி வாடகையும் சாப்பாட்டுச் செலவும் யார் தருவது? என்னோடு சேர்ந்தவர்களில் வசதி குறைந்தவர்கள்தான் மூன்றோடு வெளியே போவதைப் பற்றி அதிகம் பேசுகிறார்கள். ஒரு வருடத்தில் வெளியேறும் வழியை வைத்தால், வீட்டில் பணம் இல்லாத பெண்ணை “சான்றிதழ்தான் வந்துவிட்டதே, போதும்” என்று நிறுத்துவது சுலபமாகிவிடும். இடையில் வெளியேறும் வழியைத் தமிழ்நாடு எதிர்ப்பதற்குச் சொல்லும் காரணமும் இதுதான். நான் அதில் தமிழ்நாட்டுப் பக்கம்.


கணித_டீச்சர்:

நான்கு வருடம் என்றால் தரம், மூன்று வருடம் என்றால் குறை என்ற நினைப்பை விட வேண்டும். சிறுசேரியில் இருக்கும் சென்னைக் கணிதக் கழகம் மூன்றாண்டு பி.எஸ்ஸி. ஆனர்ஸ்தான் தருகிறது. அங்கே படித்தவர்கள் உலகத்தின் நல்ல கணிதத் துறைகளுக்கெல்லாம் போகிறார்கள். இங்கிலாந்திலும் பி.எஸ்ஸி. மூன்று வருடம்தான். வருடக் கணக்கைவிட, வகுப்பில் என்ன நடக்கிறது என்பதுதான் மாணவனைத் தீர்மானிக்கிறது. அமெரிக்கா போக நினைப்பவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், அங்கே பல பல்கலைக்கழகங்கள் பதினாறு வருடப் படிப்பைக் கேட்கும். மூன்றாண்டு பி.எஸ்ஸி.யோடு எம்.எஸ்ஸி. முடித்துப் போனால் அந்தக் கேள்வியே எழாது.

ராணிப்பேட்டைத் தம்பிக்கு: உன் எலெக்டிவ் என்ன என்று பார். வேதியியல் மாணவர்களில் சிலருக்குக் கணிதமும் இயற்பியலும் வரும், சிலருக்குத் தாவரவியலோ விலங்கியலோ வரும். எம்.எஸ்ஸி. வேதியியலுக்குச் சில நிறுவனங்கள் கணிதம் படித்திருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பழைய பெயரில் அல்லைடு என்று சொல்லும் இந்தத் தாள்களை மாணவர்கள் மதிப்பதே இல்லை. மேற்படிப்புக்கு எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பதை இவைதான் முடிவு செய்கின்றன. உனக்குக் கணிதம் இல்லையென்றால் ஸ்வயம் என்ற மத்திய அரசின் இணையவழிப் பாடத் தளத்தில் படிக்கலாம், அறிவுக்கு நல்லது, ஜாமுக்கும் உதவும். ஆனால் கூடுதலாகப் படித்த கிரெடிட், விட்டுப்போன கட்டாயத் தாளுக்கு ஈடாகாது என்பதையும் நினைவில் வை.


ராணிப்பேட்டைப்_பையன்:

எனக்குக் கணிதமும் இயற்பியலும்தான் டீச்சர். நன்றி. பிசிக்கல் கெமிஸ்ட்ரிக்கு ஸ்வயத்தில் பார்க்கிறேன்.


திருவள்ளூர்_அக்கா:

எல்லோரும் இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. தம்பியையும் உட்காரவைத்து எல்லாவற்றையும் படிக்கச் சொன்னேன். துறைத் தலைவரைப் பார்த்து ரெகுலேஷன் நகல் வாங்கிவிட்டான். அதில் 140 கிரெடிட் அட்டவணை அப்படியே இருக்கிறது. ஐந்தாவது செமஸ்டர் இண்டர்ன்ஷிப் 2 கிரெடிட், அது மதிப்பெண் பட்டியலில் ஏறியிருக்கிறது.

போன இடத்தில் இன்னொரு விஷயம் தெரியவந்தது. இந்த செமஸ்டரில் அவனுக்கு வருகை இப்போது 68 சதவீதம்தான். ஜனவரியில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான், அதில் நிறைய நாள் போய்விட்டது. தேர்வு எழுத விடுவார்களா?


தேர்வுப்பிரிவில்_இருந்தவன்:

பயப்படாதீர்கள் அக்கா. செமஸ்டருக்கு 90 வேலை நாள், 75 சதவீதம் என்றால் 68 நாள் வந்திருக்க வேண்டும். 65க்கும் 75க்கும் நடுவில் இருப்பவர்கள் கண்டொனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பது) கட்டணம் கட்டி, மருத்துவச் சான்றிதழ் கொடுத்து, முதல்வர் பரிந்துரையோடு எழுதலாம். 65க்குக் கீழே போனால்தான் சிக்கல், இந்த ஏப்ரலில் எழுத முடியாமல் அடுத்த தேர்வுக்குத் தள்ளிவிடுவார்கள். 50க்கும் கீழே என்றால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியிருக்கும்.

செமஸ்டர் முடிய இன்னும் நாள் இருக்கிறது. இனி ஒரு நாளும் விடாமல் போனால் அவன் 75ஐத் தொட்டாலும் தொடலாம். துறையில் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மருத்துவச் சான்றிதழை இப்போதே துறையில் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்பம் வாங்கிக்கொள்ளட்டும். எல்லோரும் மார்ச் கடைசியில் ஒன்றாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள், அந்தக் கூட்டத்தில் தாள் தொலையும்.

நான் இருந்த இடத்தில் அரியர் தாளுக்கு வருகை கேட்டதில்லை, அந்த செமஸ்டரின் வருகையை அவன் ஏற்கெனவே முடித்துவிட்டான் என்பதால். ஆனாலும் கண்டொனேஷன் பட்டியலில் இருப்பவர்களின் ஹால் டிக்கெட்டை மொத்தமாக நிறுத்திவைக்கும் பழக்கம் சில கல்லூரிகளில் உண்டு. அதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.


ஓய்வுபெற்ற_வேதியியல்:

எம்.எஸ்ஸி. பற்றியும் கேட்டிருந்தீர்களே அம்மா. ரிசல்ட் வந்ததும் ப்ரொவிஷனல் சான்றிதழ் (தற்காலிகப் பட்டச் சான்று), கன்சாலிடேட்டட் மார்க் ஷீட் (எல்லா செமஸ்டருக்கும் சேர்த்த மதிப்பெண் பட்டியல்), டி.சி. மூன்றும் வேண்டும். பட்டச் சான்றிதழ் பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகுதான் வரும், அதற்காகச் சேர்க்கை நிற்காது. ப்ரொவிஷனல் இல்லாமல் நிற்கும். டி.சி. வாங்க நூலகம், ஆய்வகம், விளையாட்டுத் துறை எல்லாவற்றிலும் நிலுவை இல்லை என்று கையெழுத்து வாங்க வேண்டும். ஆய்வகத்தில் உடைந்த பியூரெட்டுக்குப் பணம் கட்டாமல் கடைசி நாளில் ஓடியவர்கள் என் காலத்தில் ஏராளம்.

தம்பி இயற்பியல் என்பதால் ஜாம், சியூஇடி முதுநிலைத் தேர்வு இரண்டின் அறிவிப்பையும் வருடாவருடம் பார்க்கச் சொல்லுங்கள். ஜாம் ஐஐடி போன்ற இடங்களுக்கு, சியூஇடி திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களுக்கு. இந்த வருடத் தேதிகள் தாண்டிவிட்டனவா என்று முதலில் பார்க்கட்டும். அரசுக் கல்லூரிகளில் எம்.எஸ்ஸி. இயற்பியலுக்கும் தனியாக விண்ணப்பம் அறிவிப்பார்கள். கணிதம் எலெக்டிவாக இருந்தால் அவனுக்குப் பெரும்பாலும் தடை இருக்காது. சுற்றுச்சூழல் தாளுக்கு முந்தைய வருடக் கேள்வித்தாள்கள் வேண்டுமானால் என்னிடம் இருக்கின்றன, தனிச்செய்தியில் கேட்டால் அனுப்புகிறேன்.


திருவள்ளூர்_அக்கா:

அனுப்புங்கள் சார். தனிச்செய்தி போட்டிருக்கிறேன். மருத்துவச் சான்றிதழை நாளைக்கே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.


மகளிர்_கல்லூரி_2021:

அக்கா, பார்ட் 5க்கு அவன் எதில் இருக்கிறான் என்று கேட்டீர்களா? அது ஆறாவது செமஸ்டரில்தான் மதிப்பெண் பட்டியலில் ஏறும். அவன் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று நாளைக்குப் போகும்போது அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.